பார்க்கிற கண்ணும் சொல்கிற வாயும்
மருத்துவமனையில் பதிவு பெற்ற செவிலியரின் பொறுப்பு

(உலகச் செவிலியர் நாளையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில், நர்சிங் மாணவர்கள் முன்பும் பொதுமக்கள் முன்பும் ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



செவிலியரைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் தியாகம், பொறுமை, தாயுள்ளம் என்ற சொற்களோடுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். அந்தக் குணங்களை நான் மதிக்கிறேன். ஆனால் நாடித்துடிப்பு 88-லிருந்து 118-க்கு ஏறினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவரிடம் எவ்வளவு கருணை இருந்தும் நோயாளி பிழைக்க மாட்டார். அதனால் இன்று செவிலியரின் அறிவைப் பற்றியும், அந்த அறிவுக்கு அவர் தன் பெயரில் ஏற்கிற பொறுப்பைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மருத்துவமனையில் இரவும் பகலும் நோயாளியின் பக்கத்திலேயே இருக்கும் படித்த ஆள் செவிலியர். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், ஒரு படுக்கைக்குச் சில நிமிடம் நிற்பார், மருந்து எழுதுவார், அடுத்த படுக்கைக்குப் போவார். அவருக்கு ஓ.பி. இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது. அவர் போன பிறகு நோயாளியின் உடம்பில் நடக்கும் மாற்றத்தை முதலில் பார்க்க வேண்டியவரும், அதை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்ல வேண்டியவரும் செவிலியர். ஊசி, மாத்திரை, கட்டு, பதிவேடு எல்லாம் இந்தக் கடமைக்குள் அடக்கம்.

இந்தக் கடமைக்குச் சட்டத்தின் பின்புலம் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-இல் தொடங்கியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் உருவாக்கிய மருத்துவமனையில் 1909-இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946-இல் அங்கே பட்டப்படிப்பே தொடங்கியது. அதே ஆண்டு டெல்லியிலும் தொடங்கியது. இடையில் 1926-இல் சென்னை மாகாணம் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. படித்து முடித்தவர் மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் தன் பெயரைப் பதிந்த பிறகுதான் செவிலியராகப் பணியாற்ற முடியும் என்ற ஏற்பாடு இப்படி உருவானது.

மாணவர்களே, பதிவு என்பதைச் சான்றிதழோடு வரும் ஒரு சடங்காக நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டில் ஏறிய பெயரை, தவறு நிரூபணமானால் நீக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. அதாவது, நீங்கள் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும். "டாக்டர் சொன்னார், செய்தேன்" என்ற பதில் அங்கே உங்களைக் காப்பாற்றாது.

இனி வார்டுக்குள் போவோம். வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தியேட்டரிலிருந்து வந்தார். நாடி 88, ரத்த அழுத்தம் 120-க்கு 80. இரவு பத்து மணிக்கு நாடி 104. ரத்த அழுத்தம் அப்படியே இருக்கிறது. "பி.பி. நார்மல்தானே" என்று நினைக்கத் தோன்றும். நள்ளிரவில் நாடி 118. கை கால் சில்லிடுகிறது, நெற்றியில் வேர்வை, காரணமில்லாமல் புரண்டு புரண்டு படுக்கிறார். சிறுநீர் சேரும் பையைப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 20 மில்லிகூட இறங்கவில்லை.

படித்த செவிலியருக்கு இந்த அறிகுறிகள் எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்லும்: உள்ளே ரத்தம் கசிகிறது. உடம்பில் உள்ள ரத்தத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு போகும்வரை ரத்த அழுத்தம் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும். இதயம் வேகமாக அடித்து அதைச் சமாளிக்கும்; உடம்பு தோலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தைக் குறைத்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். பி.பி. விழுந்த பிறகு கண்டுபிடிப்பவர் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார். நாடி ஏறும்போதே கண்டுபிடிப்பவர் அந்த அம்மாவை மறுபடியும் தியேட்டருக்கு உயிரோடு அனுப்புகிறார். இந்த இரண்டு மணி நேர வித்தியாசம் முழுக்க முழுக்கச் செவிலியரின் கையில் இருக்கிறது.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, உடல் வெப்பம், ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு ஆகிய ஆறுக்கும், ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா என்பதற்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 7-ஐத் தொட்டால் அவசர நிலை. இதில் எளிதாக அளக்கக்கூடியதும், எல்லா ஊரிலும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் மூச்சு எண்ணிக்கைதான். அதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு கடிகாரமும், முழுசாக ஒரு நிமிடம் நின்று மார்பு ஏறி இறங்குவதை எண்ணும் பொறுமையும் போதும். எண்ணாமலே எல்லா நோயாளிக்கும் 20 என்று எழுதி வைக்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டாம். நிமிடத்துக்கு 25-ஐத் தாண்டி ஒருவர் மூச்சு வாங்கினால், மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று அந்த முறை சொல்கிறது.

இன்று நாம் நினைவுகூரும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் எண்ணியவர்தான். 1854-இல் 38 பெண்களை அழைத்துக்கொண்டு கிரிமியப் போரின் ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அவர் கையில் விளக்கு இருந்ததைத்தான் உலகம் படமாக வரைந்து வைத்திருக்கிறது. ஆனால் எத்தனை பேர் காயத்தால் இறந்தார்கள், எத்தனை பேர் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் இறந்தார்கள் என்று மாதவாரியாகக் கணக்கெடுத்து, வண்ண வரைபடமாக அரசின் முன்னால் வைத்தவரும் அவரே. போர்க்காயத்தைவிட அசுத்தமே அதிகம் பேரைக் கொன்றது என்பதை அந்தக் கணக்கு நாட்டுக்குக் காட்டியது. பார், எண்ணு, எழுது, அதிகாரத்தில் இருப்பவரிடம் எடுத்துச் சொல். அவர் நமக்கு விட்டுப்போன தொழில் இதுதான்.

பிரசவ அறைக்குப் போவோம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிப்ட் முறையில் அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்ததை நீங்கள் அறிவீர்கள். கிராமத்தில் நடுராத்திரியில் இடுப்பு வலியோடு வரும் பெண்ணுக்கு அந்தக் கதவைத் திறப்பவர் செவிலியர். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை கல் போல இறுகி அந்த ரத்தக் குழாய்களை அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் சில நிமிடங்களில் தாய் கையைவிட்டுப் போய்விடுவார். உலகெங்கும் தாய்மார் இறப்புக்கு முதன்மைக் காரணம் இந்த ரத்தப்போக்குதான்.

ஆகவே குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட வேண்டும். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்திருக்க வேண்டும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் சூடாகியிருந்தால் ஊசியின் வீரியம் குறைந்துவிடலாம். அதையும் பார்த்து வைக்க வேண்டியவர் செவிலியரே. அதன் பிறகு முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை வயிற்றில் கைவைத்துக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், துணியை விலக்கி ரத்தப்போக்கைப் பார்க்க வேண்டும். "அம்மா தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிடக் கூடாது. தூங்குவது போலத் தெரிவது சில நேரம் மயக்கமாகவும் இருக்கும்.

அடுத்தது மருந்து. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்கிறீர்கள். அது எதற்கு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. 40-க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை, சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் நோயாளியின் உடம்புக்குள் போவது 50 யூனிட். டாக்டர் எழுதியது 20. எழுத்தில் பிழையில்லை, மருந்தின் பெயரிலும் பிழையில்லை. ஆனாலும் அந்த நோயாளிக்குச் சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பும். இதைத் தடுக்கும் கடைசி ஆள், ஊசியைக் கையில் பிடித்திருப்பவர்.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். பார்க்க வெறும் தண்ணீர் போல இருக்கும். பக்கத்தில் வேறு ஆம்ப்யூல்கள் அதே நிறத்தில் அடுக்கியிருக்கும். அதைக் குளுக்கோஸிலோ சலைனிலோ கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து. கலக்காமல் நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதனால்தான் அதைத் தனியாக வைத்துப் பூட்டுங்கள், பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டுங்கள் என்று நாம் மன்றாடுகிறோம். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பு இரண்டு பேர் நோயாளியின் படுக்கைக்கே போய்ப் பெயரையும் ரத்த வகையையும் பை எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நடுக்கமோ, முதுகுவலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ரத்தத்தை உடனே நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. அது உங்கள் கடமையும்கூட.

அடுத்தது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பராமரிப்பது. அதற்கு மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். அங்கே பணிசெய்த செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அந்த மருத்துவமனையிலேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. அத்தனை ஆண்டும் அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்க வைத்தவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். தலைமுறை மாறியது, முதலில் பார்த்துக்கொண்டவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள், அவரை நல்ல நிலையில் ஒருநாளும் கண்டிராத இளையவர்கள் வந்து பொறுப்பை ஏற்றார்கள். கருணைக்கொலை குறித்த வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அவர்களை மனதாரப் பாராட்டியது. அத்தனை ஆண்டு படுத்த படுக்கையாக இருந்தவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பது அந்த வழக்கில் பதிவான செய்தி.

அந்தச் செய்தியின் முழு எடை நமக்குத்தான் தெரியும். அசையாமல் கிடக்கும் உடம்பில் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடம், குதிகால், தொடையின் பக்க எலும்பு, தோள்பட்டை, பின்தலை ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நிற்கும். சில மணி நேரமே போதும், தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கிவிடும். தடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், ஈரத்தை மாற்ற வேண்டும், தோலைத் தடவிப் பார்க்க வேண்டும், புரதச்சத்துள்ள உணவு கொடுக்க வேண்டும். இதற்கு விருதும் இல்லை, நிழற்படமும் இல்லை. ஒரு மருத்துவமனையின் நர்சிங் தரம் எப்படி என்று தெரிய வேண்டுமானால், அங்கே படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் குதிகாலைப் பாருங்கள் என்பேன்.

பார்த்தால் மட்டும் போதாது, சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும் நேரம் மருத்துவமனையில் மிகவும் ஆபத்தான நேரம். டியூட்டி முடிந்து களைத்துப் போனவர், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் "எல்லாம் நார்மல் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், பின்னால் வருகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். ஹேண்டோவர் படுக்கையருகே நடக்க வேண்டும். எந்த மருந்து ஒவ்வாது, எது பாக்கி, எந்த ரிப்போர்ட் வரவில்லை, எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் நோயாளியும் கேட்கும்படி கைமாற வேண்டும்.

நள்ளிரவில் டாக்டரைக் கூப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. "சார், அந்தம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால், தூக்கக் கலக்கத்தில் அவர் "காலையில பார்க்கலாம்" என்பார். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை என்று நான்காகப் பிரித்துச் சொல்லுங்கள். "சார், பெண்கள் சர்ஜரி வார்டிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். பன்னிரண்டாம் பெட் அம்மாவுக்கு பல்ஸ் 118, யூரின் ஒரு மணி நேரத்துல 20 மில்லிகூட இல்லை. சாயங்காலம்தான் வயித்துல ஆபரேஷன் ஆச்சு. உள்ளே ப்ளீடிங் இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." இதைக் கேட்ட பிறகு எந்த டாக்டரும் படுத்திருக்க மாட்டார். வராவிட்டால் அவருக்கு மேலே உள்ளவரைக் கூப்பிடுங்கள். அழைத்த நேரத்தையும் வந்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். நோயாளிக்காகப் பேசுவதை எதிர்த்துப் பேசுவதாக எந்த மூத்தவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வந்திருக்கும் மருத்துவ நண்பர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: இளம் செவிலியர் ஒருவர் தவறாகக் கணித்து உங்களை எழுப்பினாலும் அவரைத் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையான ஆபத்திலும் தயங்குவார்.

இவ்வளவையும் செவிலியரிடம் எதிர்பார்க்கிறோம். அதற்கு அவருக்கு நேரம் தருகிறோமா? இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறைப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் வேண்டும். நம் ஊரில் முப்பது, நாற்பது நோயாளிகள் உள்ள வார்டை இரவில் ஒற்றை ஆளாகப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நோயாளியின் நாடி, மூச்சு, அழுத்தம், வெப்பம் பார்த்து எழுத ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேருக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். கடைசிப் படுக்கைக்குப் போவதற்குள் முதல் படுக்கையில் எதுவும் நடந்திருக்கலாம்.

இதன் விலையை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை லிண்டா ஐகன் என்ற செவிலிய ஆய்வாளரும் அவர் குழுவும் ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியிருந்தது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்விலும் அதே 7 விழுக்காடு வந்தது. கலிபோர்னியா மாநிலம் இத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று சட்டமே போட்டு 2004 முதல் நடைமுறைப்படுத்துகிறது. அங்கே செவிலியர் எண்ணிக்கை நோயாளியின் பாதுகாப்புக்கான சட்டம். இங்கே அது இன்னும் பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படும் செலவாகவே இருக்கிறது.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தத் தொகையைக் கண்ணால் காணாத பெண்கள் இன்னும் எத்தனையோ பேர் நைட் டியூட்டி பார்க்கிறார்கள். அரசுப் பணியிலும் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்கள் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கேயே இருக்க என்ன காரணம் கொடுத்தோம் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொதுமக்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம், நாட்டு மருந்து உட்பட, செவிலியரிடம் காட்டுங்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சேரும்போதே சொல்லுங்கள். "சீக்கிரம் முடியட்டும்" என்று ட்ரிப்ஸ் உருளையை நீங்களாகத் திருப்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கு அது நுரையீரலில் நீராகத் தேங்கும். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால், பாவம் பார்த்து ஒரு வாய் காபிகூடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நோயாளியின் முகத்தில் நேற்று இல்லாத மாற்றம் இன்று தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்; அவரை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். கோபம் வரும், புரிகிறது. ஆனால் கையை ஓங்காதீர்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாடு 2008-இல் இயற்றிய சட்டம் செவிலியருக்கும் பொருந்தும்.

மாணவச் செல்வங்களே, நாளை பதிவு எண் கையில் வந்ததும் நீங்கள் சொந்தப் பொறுப்பில் முடிவெடுக்கும் தொழில்வல்லுநர் ஆகிறீர்கள். எண்ணாததை எழுதாதீர்கள். புரியாத ஆர்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் டியூட்டி முடித்துப் போகாதீர்கள். இந்த மூன்றையும் காப்பாற்றினால், எந்த மருத்துவமனையிலும், எந்த நாட்டிலும் நீங்கள் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

பொதுமக்களே, செவிலியர் நாளில் எங்களுக்குப் பூங்கொத்துக் கொடுக்கிறீர்கள், நன்றி. அதைவிடப் பெரிய உதவி ஒன்று உங்களால் முடியும். உங்கள் வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது, அறை வாடகை எவ்வளவு, பெரிய டாக்டர் யார் என்று விசாரிக்கிறீர்கள் அல்லவா? அதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "இந்த வார்டில் இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர்கள் இருப்பார்கள்? அவர்கள் எல்லோரும் பதிவு பெற்றவர்களா?" அரசு மருத்துவமனையானால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், தனியார் மருத்துவமனையானால் நிர்வாகத்திடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் ஊதியக் கோரிக்கை என்று ஒதுக்கி வைப்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.